கோர்வை ஆள்

கஷ்டம் வந்தால் மனிதன் வளர்வான் என்று என்னைப் பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தவர்களும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் கஷ்டம் வந்தது எனக்கு, வளர்ந்தது என் மனைவி. இந்த ஏற்பாட்டை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த நானும் விழுந்தேன். பக்கவாதம் என்றார்கள். வலது கையும் வலது காலும் போயின, நாக்கு குழறியது. காலும் நாக்கும் மூன்று மாதத்தில் ஓரளவு திரும்பி வந்தன. கை வரவில்லை. தோளில் தொங்கிக்கொண்டு நான் போகிற இடத்துக்கெல்லாம் கூட வந்தது, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் கோர்வை என்றால் என்னைத்தான் சொல்வார்கள். பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருந்தால், அந்த இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் கோடுதான் கோர்வை. ஒருவராக உட்கார்ந்து அதை நெய்ய முடியாது. நெசவாளி நடுவில் உட்கார்ந்து மிதியை மிதித்து, குறுக்கிழை சுற்றிய நாடாவை எறிவார். அவருக்கு இடது பக்கத்தில் இன்னொருவர், இடது கரைக்கான நாடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உடலின் இழை தன் பக்கம் வந்ததும், கரை இழையைக் கொக்கிபோல அதில் மாட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர்தான் கோர்வை ஆள். சேலையைப் பாராட்டுகிறவர்கள் யாரும் கோர்வை ஆளைப் பற்றி நினைப்பதில்லை. என் தறியில் இருபத்திரண்டு வருடமாக என் மனைவிதான் கோர்வை ஆள்.

பொறாமை எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என்னைவிட மூத்தவர், லாரி ஓட்டியவர். அவருக்கும் அதே வியாதி, அதே வலது கை. ஐந்தாம் நாள் அந்தக் கையால் டம்ளரைத் தூக்கிக் காபி குடித்தார். வார்டே சந்தோஷப்பட்டது. நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்தக் காபி அவர் மேலேயே கொட்டிவிடக் கூடாதா என்று நினைத்தேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியத்தை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தறி சும்மா கிடந்தது. கிடக்கட்டும் என்று இருந்தேன். நான் இல்லாமல் அது அசையாது என்பதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி. அரிசிக்கு என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், தறியின் மேல் படிந்த தூசியைப் பார்த்து நான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். அவள் நெசவாளர் சொசைட்டிக்குப் போய்விட்டு, துணியில் சுற்றிய மூட்டை ஒன்றோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“இன்னாது அது?”

“பாவு நூலு. மூணு சேலைக்கு.”

“யாரு நெய்யறது?”

“நான்தான்.”

“என்னைக்காவது மிதியில கால் வச்சிருக்கியா நீ?”

“வச்சதில்ல. பாத்துக்கினு இருந்திருக்கேன்.”

சிரித்தேன். என் வாய் அப்போது முழுசாகச் சரியாகவில்லை. சிரிப்பும் கோணலாகத்தான் வந்திருக்கும். அவள் அதைக் கவனிக்காத மாதிரி மூட்டையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

மறுநாள் தறிக்குழியில் இறங்கினாள். அவள் என்னைவிட ஒரு சாண் குள்ளம், மிதி எட்டவில்லை. உட்காரும் பலகைக்கு அடியில் நான் கொடுத்திருந்த செங்கல்லை உருவி வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. நான் வாசலுக்குப் போய் அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது இருபத்தைந்து வருடம் என் பாரத்தைத் தாங்கிய கல். ஒரு செங்கல்லுக்காகக் கண் கலங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவர்களைத் தெருமுனை வரை துரத்தியிருப்பேன்.

“எடது கை நல்லாதான இருக்குது? வந்து உக்காருங்க” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“நான் கோர்வை ஆளா?”

“வேற ஆளு வச்சா நீங்க இன்னா பண்ணுவீங்க? டிவி பாத்துக்கினு என்னைத் திட்டுவீங்க. அதுக்கு இங்க உக்காந்து திட்டுங்க. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

போய் உட்கார்ந்தேன். போகாமல் என்ன செய்வது?

அந்த இடத்தில் உட்கார்ந்தால் பெரிய வேலையே காத்திருப்பதுதான். அவள் கால் மிதிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவள் நாடா என் பக்கம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அவள் தும்மினால் நானும் நிறுத்த வேண்டும். அவளுக்கு இழை அறுந்தால் எனக்கு வேலை இல்லை. எனக்கு இழை அறுந்தாலோ அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், அந்தப் பார்வை அவள் முன்பு என்னிடம் வாங்கிய பார்வை என்று எனக்குத் தெரியும்.

முதல் சேலை முடிய நாற்பது நாள் ஆனது. இடது கோர்வை, அதாவது என் பக்கம், எலி கொறித்த மாதிரி இருந்தது. சொசைட்டியில் எப்படியோ என் பெயரில் போட்டு வாங்கிக்கொண்டார்கள், நோயாளி என்ற இரக்கம். இரண்டாவது சேலையில் அவளுக்குக் கால் பழகிவிட்டது. மூன்று வாரத்தில் இறக்கிவிட்டாள்.

அங்கேதான் என் வயிற்றெரிச்சல் முழு வீச்சில் கிளம்பியது. அவள் தடுமாறியவரை எனக்கு அவள் மேல் பிரியமாகத்தான் இருந்தது. தப்பு செய்தால் சொல்லித் தரக் காத்திருந்தேன். முந்தானை நிறம் மாறும் இடத்தில், பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை இணைக்க வேண்டும். அங்கே எல்லோரும் திணறுவார்கள். அன்றைக்கு என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, நான் எடுக்கும் நேரத்தில் பாதியில் முடித்துவிட்டு, “சாப்புட்லாமா?” என்றாள். வேட்டி கசங்கக்கூட இல்லை.

எதன் மேலெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவளுடைய அசதியின் மேல் பொறாமை. வேலை செய்தவள் போட்டதுபோட்டபடி தூங்குவாள், நான் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பேன். அவளுடைய பசியின் மேல் பொறாமை. முன்பெல்லாம் மூன்று இட்லியோடு எழுந்துவிடுகிறவள் இப்போது ஐந்து சாப்பிட்டாள். அவள் வலது தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்க்கச் சொல்லும்போது, அந்த வலியின் மேலும் பொறாமை. என் தோளுக்கு வலிக்கக்கூடத் தெரியவில்லை.

ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அட, நீங்களா மா? சத்தத்தைக் கேட்டு அண்ணன்தான் மறுபடி ஒக்காந்துட்டாருன்னு நெனைச்சேன். அதே அடி, அதே வேகம்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முப்பது வருடம் நான் எழுப்பிய சத்தம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையாம்.

மூன்றாவது சேலை வந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அதை ஆரம்பிக்கும்போதே அவள் சொசைட்டியில் பேசிவிட்டு வந்திருந்தாள். இந்தச் சேலையை அவள் பெயரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால், என் உறுப்பினர் அட்டைக்குப் பதில் அவள் பெயரில் அட்டை போட்டுத் தருவார்கள். இனி பாவு அவளுக்குத்தான் வரும், நெசவாளி என்று அவள் பெயர்தான் இருக்கும். கையெழுத்துப் போடப் பழகுகிறேன் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள் டவுன் பஸ்ஸில் வந்தாள். அம்மா தறியில் உட்கார்ந்திருப்பதை போனில் படம் எடுத்தாள். “செம்மயா இருக்குதுமா, ஸ்டேட்டஸ் போடறேன்” என்று சொல்லிவிட்டு எங்களிடம் காட்டினாள். நடுவில் அவள் அம்மா, வெளிச்சம் முகத்தில் விழ, ராணி மாதிரி. படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை இருந்தது. யார் கை என்று ஒரு நொடி யோசித்த பிறகுதான் அது என்னுடையது என்று தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எண்பது பேர் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று மகள் பஸ்ஸிலிருந்து போன் செய்து சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் அதைச் செய்தேன். அவள் வலது பக்கம் ஜரிகைப் பூவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். உடலின் இழை என் பக்கம் வந்தது. நான் கரை இழையை அதில் மாட்டாமல் திருப்பி அனுப்பினேன். அடுத்த இழையை மாட்டினேன். அதற்கடுத்ததை விட்டேன். இப்படி ஒன்று விட்டு ஒன்றாக, கட்டைவிரல் நீளத்துக்கு. பழக்கமில்லாத கை தவறவிட்டதல்ல. அதைவிடக் கவனமாக நான் எதையும் நெய்ததில்லை. தறியில் இழுவையோடு இருக்கும்வரை அது தெரியாது. இறக்கிய பிறகு கோர்வையின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்துப் பிரித்தால் பல்லிளிக்கும். மத்தியானத்துக்குள் அந்த இடம், நெய்ததைச் சுருட்டும் மரத்தில் சுருண்டு உள்ளே போய்விட்டது.

அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. இதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் என்னால் ஒன்று நடந்திருக்கிறது என்ற நிம்மதி.

அந்த நிம்மதி மூன்று நாள் கூட நிற்கவில்லை. சேலை வளர வளர, அவள் அதன் மேல் கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று நான் விறைத்துப்போவேன். பொறாமைக்காரனைப் போல உற்றுப் பார்க்கிறவன் யாருமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் பார்க்காத அளவுக்கு அந்தப் பத்து நாளில் அவளைப் பார்த்தேன். மிதிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள். இழை அறுந்தால் திட்டமாட்டாள், “இரு இரு” என்று அதனிடம் பேசுவாள். என் பக்கம் நாடா தாமதமானால், அது தெரியக் கூடாதென்று தானும் ஒரு நொடி தாமதித்து மிதிப்பாள். அதை நான் கண்டுபிடித்த அன்று எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா?

சேலையை அறுத்து இறக்க இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் சொன்னாள்:

“சொசைட்டில மொதல்ல எடது கோர்வையத்தான் பாப்பாங்களாமே? அங்க இருக்குற பொண்ணு சொல்லிச்சு.”

“ஆமா.”

“இந்த தபா எடது பக்கம் நல்லா வந்திருக்குது. எங்க வூட்டுக்காரரு ஒத்தக் கையால கட்டினதுன்னு சொல்லப் போறேன். எல்லாருக்கும் தெரியட்டும்.”

 ஆமாம், இடது கோர்வையைத்தான் முதலில் பார்ப்பார்கள். கோர்வை ஆள் ஏனோதானோவென்று செய்திருந்தால் அங்கேதான் தெரியும். என் சேலையைப் பிரித்து இடது பக்கம் பார்த்துவிட்டு, “இடது பக்கமே இவ்வளவு சுத்தம்னா வலது பக்கம் பார்க்கவே வேணாம்” என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். நான் தலையாட்டியிருக்கிறேன். அது என் மனைவி கட்டியது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

“அதைச் சொல்லாத” என்றேன்.

“ஏன்?”

“எடது பக்கம் ஒரு எடத்துல விட்டிருக்குது. கட்டைவிரல் நீளத்துக்கு.”

“பரவால்ல. கை பழகல.”

“கை பழகாம இல்ல. வேணும்னுதான் விட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். “எதுக்கு?”

“உன்னைப் பாத்து வயிறு எரிஞ்சுது.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இருவத்தி ரெண்டு வருஷம் அந்த எடத்துல ஒக்காந்துக்கினு இருந்தேன் நான். ஒன் வூட்டுக்காரன் கோர்வை மாதிரி வராதுன்னு வர்றவங்க போறவங்க எல்லாம் சொல்லுவாங்க. நான் சிரிச்சுக்கினு காபி போட்டுக் குடுப்பேன். எனக்கு எரியலன்னு நெனைச்சியா? அப்பிடி எரிஞ்சிருக்குது. ஒரு எழை விட்டிருப்பனா நானு? சொல்லு. ஒரே ஒரு எழை?”

இல்லை. ஒன்றுகூட இல்லை. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அவள் கை கழுவிவிட்டு வந்து, மரத்தைத் தளர்த்தி, சுருண்டிருந்த சேலையை அந்த இடம் வரை பிரித்தாள். ஊசியையும் பச்சைப் பட்டிழையையும் என் முன்னால் வைத்தாள்.

“நீதான் விட்ட. நீயே கட்டு.”

சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒற்றைக் கையால் ஊசியில் இழை கோத்திருக்கிறீர்களா? ஊசியைத் தறிக் கட்டையின் விரிசலில் குத்தி நிறுத்தி, இழையை எச்சிலால் கூராக்கி, ஒரு மணி நேரம் போராடினேன். சேலை வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் செத்த வலது கையை இடது கையால் தூக்கி, சேலையின் மேல் பாரமாக வைத்தேன். விழுந்த நாளிலிருந்து அந்தக் கை செய்த முதல் வேலை அதுதான். பிறகு ஒவ்வொரு விட்ட இழையாகத் தேடி, ஊசியை விட்டுக் கோத்து இழுத்தேன். விட்டது அரை மணி நேரத்தில், கட்டியது பொழுது சாயும்வரை. பாதியில் அழுகை வந்தது. கையை நினைத்து அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. இவ்வளவு நாளும் என்னைக் கை விழுந்தவன் என்றுதான் எண்ணி அழுதுகொண்டிருந்தேன். நல்ல கையை வைத்துக்கொண்டே இதைச் செய்தவன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இருட்டுவதற்கு முன் அவள் வந்து பார்த்தாள். கட்டைவிரல்களை வைத்துப் பிரித்தாள். பல்லிளிக்கவில்லை. ஆனால் பச்சை இழைகள் அங்கங்கே முடிச்சாக நின்றன. தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பாது. சேலையைச் சுருட்டினாள். இரண்டு நாள் கோர்வைக்குத் தேவையான பேச்சைத் தவிர என்னோடு வேறு பேச்சில்லை.

சொசைட்டிக்கு இருவரும்தான் போனோம். சேலை பார்ப்பவர் என்னை இருபது வருடமாக அறிந்தவர். எழுந்து நின்று, “வாங்க, உடம்பு எப்படி இருக்குது?” என்று விசாரித்து நாற்காலி போட்டார். அவளுக்குப் போடவில்லை. அவள் நின்றாள். சேலையை மேஜையில் விரித்தார். நேராக இடது கோர்வைக்குப் போனார். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“மத்த இடமெல்லாம் சுத்தமா இருக்குது. இது இன்னா, இங்க ஊசி வேல? யாரு கோர்வை?”

 அவள் உண்மையைச் சொன்னால் நான் எழுந்து போக வேண்டியதுதான். அவள் சொல்வதுதான் நியாயம். அவள் பெயர் எழுதிய காலண்டர் தாள் என் கண் முன்னால் வந்தது.

“ஆளு புதுசு சார்” என்றாள். “மூணு மாசம்தான் ஆவுது. கத்துக்குவாரு.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த அறையில் எனக்குத் தெரிந்த இரண்டு நெசவாளிகள் கூலிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள். அவள் என்னைக் காப்பாற்றினாளா, குத்திக் காட்டினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

“ஆமா சார், நான்தான் கோர்வை” என்றேன். “இதுக்கு முன்னால நீங்க பாராட்டின எடது கோர்வை எல்லாம் இவங்க கட்டினது. நான் இப்பதான் கத்துக்குறேன்.”

 அவள் என் பக்கம் திரும்பவில்லை. சேலையின் ஓரத்தைச் சரிசெய்வதுபோல மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த முடிச்சுகளை இன்னொரு தடவை விரலால் தடவினார். பிறகு பரவாயில்லை என்று சேலையை மடித்து வைத்துவிட்டு, புது அட்டையை எடுத்து விவரங்களை நிரப்பினார். கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பழக்கத்தில் பேனாவை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். வயிறு எரியத்தான் செய்தது. ஒற்றை இடது கையால் கொடுப்பது மரியாதையில்லை என்று, அந்தக் கையாலேயே வலது கையைத் தூக்கித் தாங்கிக்கொண்டு, பேனாவை அவளிடம் கொடுத்தேன்.